பல் போனால் சொல் மட்டுமா போகும்?

பெரியகுளத்துக்குப் பக்கத்தில், வராக நதி வளமூட்டும் பூமியில் இருக்கிறது வடுகபட்டி. சந்தை கூடும் நாளில் அந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்ல ஆள் தேவையில்லை. மூக்கே வழி காட்டிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பூண்டு! மூட்டை மூட்டையாகப் பூண்டு, குவியல் குவியலாகப் பூண்டு! கொடைக்கானல் மலையில் மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி முதலிய கிராமங்களில் விளைகிற மலைப்பூண்டு இங்கேதான் வந்து இறங்குகிறது. வடநாட்டுப் பூண்டும் லாரி ஏறி வந்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கொள்கிறது. 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமை மலைப்பூண்டுக்கு உண்டு. சிறிய பல்லாக இருந்தாலும் காரம் பெரிது என்பார்கள் அதை அறிந்தவர்கள்.

ஆம், பூண்டுக்கும் 'பல்' என்றுதான் பெயர். நம்முடைய பல்லுக்கும் பூண்டின் பல்லுக்கும் நெடுநாளாக ஓர் உறவும் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு, வாயுப் பிடிப்புக்குப் பூண்டு, சளிக்குப் பாலில் வேகவைத்த பூண்டு என்று எல்லாவற்றுக்கும் பூண்டைத் தேடுகிற நம் வீடுகளில், பல்வலிக்கும் முதல் வைத்தியர் அதுதான்.

"பல்லு வலி உசிரு போகுது, அத்தை!"

"ரெண்டு பூண்டை நசுக்கி, உப்புத் தொட்டு, வலிக்கிற எடத்துல வச்சு அடக்கிக்க தாயி. பட்டுனு விட்டுப் போகும்."

"டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துரட்டுமா?"

"போனா புடுங்கிடுவாரு. மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிரும், தெரியுமில்ல?"

இந்தச் சம்பாஷணை எந்த வீட்டில்தான் நடக்கவில்லை? வடுகபட்டியில் நடந்தாலும் சரி, மாம்பலத்தில் நடந்தாலும் சரி, பேச்சின் வழக்குத்தான் கொஞ்சம் மாறும், விஷயம் மாறாது. இந்த நான்கு வரிப் பேச்சில் கொஞ்சம் உண்மையும், நிறையத் தவறும், பெரிய ஆபத்து ஒன்றும் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போமா?

வலி போனால் நோய் போயிற்றா?

முதலில் உண்மை. பூண்டை நசுக்கினால் 'அலிஸின்' என்ற பொருள் உண்டாகிறது. கண்ணைக் கரிக்கும் அந்த நெடிக்குக் காரணம் அதுவே. 1944-ல் அமெரிக்காவில் அதைப் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். கிருமிகளைக் கொல்லும் சக்தி அதற்கு இருப்பது தெரிந்தது. ஆகவே நம் பாட்டிமார்கள் ஒன்றும் தெரியாமல் சொல்லி விடவில்லை.

ஆனால் கிருமியைச் சுடுகிற அதே காரம் ஈற்றையும் சுடும். பச்சைப் பூண்டை நெடுநேரம் வாயில் அடக்கி வைத்து, ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்து போனவர்களைப் பற்றி வைத்தியப் பத்திரிகைகளில் குறிப்புகள் வந்திருக்கின்றன. பல்வலியோடு போனவர் பல்வலியும் புண்ணுமாகத் திரும்புவதில் என்ன லாபம்?

அதைவிட முக்கியமான சங்கதி வேறு. சொத்தை என்பது பல்லின் மேல் ஓட்டில் ஆரம்பிக்கிறது. அப்போது வலியே இராது. அது மெல்ல மெல்ல உள்ளே தோண்டிக்கொண்டு போய், பல்லின் நடுவில் உள்ள நரம்பும் ரத்தக் குழாயும் நிறைந்த சதையைத் தொடுகிறபோதுதான் வலி உயிரை வாங்குகிறது. பூண்டோ, கிராம்புத் தைலமோ, கடையில் வாங்கிய மாத்திரையோ அந்தச் சதைக்குள்ளே போய்க் கிருமியை அழித்துவிட முடியாது. மேலே கொஞ்சம் மரக்கச் செய்யும், அவ்வளவுதான்.

சில நாட்களில் வலி தானாகவே நின்று விடுவதும் உண்டு. "பார்த்தாயா, பூண்டு கேட்டுவிட்டது!" என்று வீட்டில் சந்தோஷம். உண்மையில் நடந்தது என்ன? உள்ளே இருந்த நரம்பு செத்துப் போயிற்று. சொல்வதற்கு ஆள் இல்லாமல் போனதால் புகார் நின்றது. திருடன் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறான். வேரின் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி, அங்கே சீழ் கட்டி உட்கார்ந்து விடுகிறான். எந்த வீட்டில் வலி நின்றதும் டாக்டரிடம் போகும் யோசனையும் நின்றுவிடுகிறதோ, அந்த வீட்டில்தான் கதை ஆரம்பமாகிறது.

கண்ணுக்கும் பல்லுக்கும் என்ன உறவு?

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் நம்மிடையே படித்தவர்களையும் விட்டபாடில்லை. பார்வைக்கான நரம்பு கண்ணின் பின்புறத்திலிருந்து நேரே மூளைக்குப் போகிறது. பல்லுக்கு வருகிற நரம்பு வேறு, அது வரும் வழியும் வேறு. முறைப்படி ஒரு பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை.

அப்படியானால் இந்த நம்பிக்கை எப்படி வந்தது? மேல் கோரைப் பல்லின் வேர் நீளமானது; கண்ணுக்குக் கீழே கன்னத்தின் எலும்பு வரை ஏறி நிற்கிறது. அங்கே சீழ் கட்டினால் கன்னம் வீங்கி, கீழ் இமை மூடிக்கொண்டு விடும். அந்த நிலையில் பல்லைப் பிடுங்கிக் கொண்டவருக்கு ஏதாவது கோளாறு நேர்ந்தால் பழி யார்மீது விழும்? பல்லை எடுத்தவர்மீதுதான்! உண்மையில் குற்றவாளி, அதுவரை எடுக்காமல் வைத்திருந்த தாமதம். முகத்தின் நடுப்பகுதியில் உள்ள ரத்தக் குழாய்கள் மண்டைக்குள் போகும் குழாய்களோடு தொடர்பு உடையவை. அபூர்வமாக, அந்த வழியே கிருமி மூளைப் பக்கம் ஏறிவிடுவதும் உண்டு.

கீழ்ப் பல்லின் விஷயம் இன்னும் பயங்கரம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் கட்டிய சீழ், நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் இரண்டு பக்கமும் பரவி விட்டால் கழுத்து கல்லைப் போல் இறுகும். நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும். மூச்சுக் குழாய் அடைபடும். 1836-ல் ஜெர்மானிய டாக்டர் லுட்விக் இதை விவரித்து எழுதியதால் இன்றும் அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். ஒரு சொத்தைப் பல்லில் ஆரம்பித்தது, சில நாட்களுக்குள் உயிரைக் கொண்டு போய்விடக் கூடும்.

ஆகவே இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பல்வலியோடு ஜுரம், கழுத்திலோ தாடைக்கு அடியிலோ வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கக் கஷ்டம், மூச்சுத் திணறல் - இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நடுநிசியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வாய்க்குள் ஒரு சந்தை

ஹாலந்து தேசத்தில் டெல்ப்ட் என்ற ஊரில் லீவன்ஹூக் என்ற ஜவுளி வியாபாரி இருந்தார். துணியின் இழையைப் பார்க்கும் கண்ணாடியில் தொடங்கிய மோகம், தாமே பூதக் கண்ணாடிகள் செய்யும் வரை போயிற்று. 1683-ல் ஒரு நாள் தம் பல்லிடுக்கில் படிந்திருந்த வெள்ளை மாவு போன்ற அழுக்கை எடுத்து அதன் அடியில் வைத்துப் பார்த்தார். என்ன ஆச்சரியம்! கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகள் அங்கே ஓடின, சுழன்றன, துள்ளின. இத்தனைக்கும் அந்த மனிதர் தினமும் உப்பால் பல் தேய்க்கிறவர். அதோடு விட்டாரா? ஆயுளில் பல்லே விளக்காத ஒரு கிழவரைப் பிடித்து அவர் வாய் அழுக்கையும் பார்த்தார். அங்கே வடுகபட்டிச் சந்தையை மிஞ்சும் கூட்டம்!

இந்த அழுக்குப் படலம் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் தங்கினால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லாக இறுகி விடுகிறது. அதைத்தான் 'காரை' என்கிறோம். காரையைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கும். பல் விளக்கும்போது ரத்தம் கசியும். அதை நாம் பொருட்படுத்துவதே இல்லை. கையைக் கழுவும்போது தினமும் கையிலிருந்து ரத்தம் வந்தால் சும்மா இருப்போமா? வீட்டையே இரண்டாக்கி விட மாட்டோமா? ஈற்றில் வந்தால் மட்டும், "பிரஷ் முரடு போல் இருக்கிறது" என்று சமாதானம் சொல்லிக் கொள்கிறோம்.

நாளடைவில் ஈறு பல்லை விட்டு விலகிப் பை போல் ஆகிறது. அந்தப் பைக்குள் கிருமிகள் குடித்தனம் நடத்துகின்றன. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. 'பயோரியா' என்று முன்னாளில் எல்லாரும் சொன்ன வியாதி இதுதான். இதில் வலி அநேகமாக இராது. பல் ஆடும்போதுதான் விஷயம் தெரியும்.

ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் இருக்கிற இந்தப் புண் சிறியதுதான். ஆனால் இருபது, முப்பது பற்களின் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். மூடாத ஒரு பெரிய புண்ணோடு வருஷக்கணக்கில் நடமாடுகிறோம் என்பது விளங்கும். அந்தப் புண்ணின் அடியில் ரத்தம் ஓடுகிறது. ரத்தம் ஒரே இடத்தில் நிற்பதா என்ன?

பல்லைப் பிடுங்கிய பைத்தியம்

பல்லிலிருந்து உடம்புக்கு நோய் போகும் என்ற எண்ணம் புதிதல்ல. அமெரிக்கரான மில்லர் என்ற பல் வைத்தியர் ஜெர்மனியில் இருந்து ஆராய்ச்சி செய்து, வாய்க் கிருமிகளைப் பற்றி 1890-ல் ஒரு புத்தகமே எழுதினார். 1910-ல் வில்லியம் ஹண்டர் என்ற ஆங்கில டாக்டர் கனடாவில் மாண்ட்ரீல் நகரில் ஒரு சொற்பொழிவு செய்தார். அழுகிய வேர்களின்மேல் தங்கத் தொப்பி போட்டு மூடி, அடியில் அழுக்கைச் சேர்த்து வைக்கிறார்கள் என்று பல் வைத்தியர்களை வெளுத்து வாங்கிவிட்டார்.

அவ்வளவுதான்; பிடித்தது பைத்தியம்! மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. வயிற்று வலியா, பல்லைப் பிடுங்கு. காரணம் தெரியாத ஜுரமா, எல்லாப் பல்லையும் பிடுங்கு! அமெரிக்காவில் டிரென்டன் நகர மனநோய் ஆஸ்பத்திரியில் ஹென்றி காட்டன் என்ற டாக்டர், சித்தப் பிரமைக்கும் பல்லே காரணம் என்று நம்பி நோயாளிகளின் பற்களைக் கூடை கூடையாக எடுத்தார். பல்லோடு நிற்காமல் தொண்டைச் சதை, குடல் என்று அறுத்துக்கொண்டே போனார். பலர் இறந்தார்கள். தம் மனைவி மக்களின் பற்களையும் அவர் விட்டு வைக்கவில்லை என்பதிலிருந்து, மனிதர் மோசடிக்காரர் அல்ல, முரட்டு நம்பிக்கைக்காரர் என்று தெரிகிறது. அதனால் செத்தவர்களுக்கு என்ன ஆறுதல்?

பல்லை எடுத்தும் மூட்டுவலி போகாததைக் கண்ட வைத்திய உலகம் மெல்லத் தெளிந்தது. 1950 வாக்கில் அந்தக் கொள்கை மூலையில் போடப்பட்டது. ஆனால் ஊசல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. "பல் வேறு, உடம்பு வேறு, பல்லுக்கு ஒரு டாக்டர், உடம்புக்கு ஒரு டாக்டர், ஒருவர் விஷயத்தில் மற்றவர் தலையிட வேண்டாம்" என்று ஆகிவிட்டது.

இன்றைய விஞ்ஞானம் இந்த இரண்டுக்கும் நடுவே நின்று நிதானமாகப் பேசுகிறது. அது என்ன சொல்கிறது?

இருதயம்

1935-ல் லண்டனில் ஒகெல், எலியட் என்ற இருவர், பல் பிடுங்கிக் கொண்டவர்களின் ரத்தத்தை அடுத்த சில நிமிஷங்களுக்குள் எடுத்துச் சோதித்தார்கள். வாயில் வசிக்கும் கிருமிகள் ரத்தத்தில் இருந்தன! ஈறு கெட்டவர்களிடம் இன்னும் அதிகமாக இருந்தன. ஆரோக்கியமான மனிதரின் உடம்பு அவற்றைச் சிறிது நேரத்துக்குள் விரட்டி விடும். ஆனால் இருதயத்தின் வால்வு ஏற்கெனவே பழுதாகியிருந்தால், அந்தச் சொரசொரப்பில் அவை ஒட்டிக்கொண்டு வளரும். விடாத ஜுரம், இளைப்பு, உயிருக்கே ஆபத்து.

சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டுவலியுமாக ஜுரம் வந்து இருதயம் பழுதானவர்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் இளம் பெண்களும் உண்டு. வால்வு மாற்றிக் கொண்டவர்கள், முன்பு ஒரு தடவை வால்வில் கிருமி தாக்கியவர்கள், பிறவியிலேயே சில வகை இருதயக் கோளாறு உடையவர்கள் ஆகியோர் பல் வைத்தியரிடம் போனால், வாயைத் திறந்து காட்டுமுன் வாய் திறந்து சொல்ல வேண்டிய முதல் விஷயம் அதுதான். இவர்களில் சிலருக்குச் சிகிச்சைக்கு முன்பே மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

சரி, மாரடைப்பு? 1989-ல் பின்லாந்தில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வந்தவர்களின் வாய் மோசமாக இருந்தது. அதன் பிறகு பல தேசங்களில் இதே உறவைக் கண்டார்கள். ஆனால் ஈறு நோயே மாரடைப்பை உண்டாக்குகிறது என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. 2012-ல் அமெரிக்க இருதயச் சங்கம் இதையெல்லாம் அலசிப் பார்த்து, உறவு இருக்கிறது, ஆனால் காரணம் என்று சொல்வதற்கில்லை என்றே எழுதிற்று. புகையிலை இரண்டையும் கெடுக்கும். சர்க்கரையும் இரண்டையும் கெடுக்கும். ஆகவே "பல்லைச் சுத்தம் செய்தால் மாரடைப்பே வராது" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

சர்க்கரை: இருபக்கச் சண்டை

நீரிழிவு விஷயத்தில்தான் ஆதாரம் பலமாக இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தாரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரும் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் என்று அதில் கண்டார்கள்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைகிறது. புண் ஆறத் தாமதமாகிறது. ஆகவே ஈறு வேகமாகக் கெடுகிறது. கண், சிறுநீரகம், நரம்பு என்று சர்க்கரை கெடுக்கும் உறுப்புகளின் வரிசையில் ஈற்றையும் சேர்க்க வேண்டும் என்று 1993-லேயே எழுதினார்கள். இது ஒரு பக்கம்.

மறுபக்கம் இதோ: ஈற்றில் நீறு பூத்த நெருப்பாக இருக்கும் அழற்சி, இன்சுலின் சரியாக வேலை செய்யாதபடி தடுக்கிறது. அதனால் சர்க்கரை இன்னும் ஏறுகிறது. மருமகளால் மாமியாருக்குக் கோபம்; அந்தக் கோபத்தால் மருமகளுக்குக் கோபம்; முடிவே இல்லாத சண்டை!

இந்தச் சண்டையைத் தீர்க்க முடியுமா? ஈறு நோயுள்ள நீரிழிவுக்காரர்களுக்கு வேரடி வரை காரை எடுத்துச் சுத்தம் செய்து, அதன் பின் சர்க்கரையை அளந்து பார்த்த 35 ஆராய்ச்சிகளை 2022-ல் ஒன்றாகத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையின் அளவு ஏறக்குறைய 0.4 முதல் 0.5 புள்ளி வரை இறங்கியிருந்தது. எட்டு இருந்தால் ஏழரையாகும் என்று வைத்துக் கொள்ளுங்கள். இது மாத்திரைக்குப் பதில் அல்ல. ஆனால் மாத்திரைக்கு நல்ல கூட்டாளி.

எத்தனையோ வீடுகளில் சாதத்தைக் குறைத்து, காப்பிக்குச் சர்க்கரை போடாமல், காலையில் நடந்தும், "சர்க்கரை இறங்க மாட்டேன் என்கிறதே" என்று கலங்குகிறார்கள். அவர்களிடம் யாராவது, "ஈற்றில் ரத்தம் வருகிறதா?" என்று கேட்டதுண்டா?

தாய்மார்களுக்கு

"ஒரு பிள்ளைக்கு ஒரு பல்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. வயிற்றில் இருக்கும் குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சி விடுகிறதாம்! பாவம், பிறக்காத குழந்தைமீது இப்படி ஒரு திருட்டுக் குற்றம். அப்படி உறிஞ்சுவதில்லை. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஊறும் சுரப்பு நீர்களின் மாறுதலால் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் கசிகிறது. மசக்கை வாந்தியின் புளிப்பு பல்லின் ஓட்டை அரிக்கிறது. குமட்டுகிறது என்று பல் விளக்குவதையும் விட்டு விடுகிறோம். பல் போவது இவற்றால்தான். வாந்தி எடுத்ததும் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, சற்று நேரம் கழித்துப் பல் விளக்குவது நல்லது.

ஈறு நோயுள்ள தாய்மாருக்குக் குறைப் பிரசவம் அதிகமா என்ற கேள்வி 1996-ல் எழுந்தது. 2006-ல் அமெரிக்காவில் 800-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் சோதித்தார்கள். ஈறு சிகிச்சையால் குறைப் பிரசவம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு நல்ல செய்தி கிடைத்தது: கர்ப்பத்தின் நடு மாதங்களில் செய்யும் பல் சிகிச்சையால் தாய்க்கும் சேய்க்கும் கெடுதல் இல்லை. ஆகவே, "முழுகாமல் இருக்கிறாள், பல் வைத்தியரிடம் போகக் கூடாது" என்று தடுப்பதில் நியாயம் இல்லை. கர்ப்பம் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டால் மருந்தை அதற்கேற்பக் கொடுப்பார்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் குழந்தைக்குப் பல்வலி என்றால் அன்றைக்கே ஓடுகிறோம். கணவருக்கு என்றால் மறுநாள். தனக்கு என்றால்? "பள்ளிக்கூட லீவு வரட்டும்", "சீட்டுப் பணம் வரட்டும்", "தீபாவளி போகட்டும்" என்று நாள் தள்ளிக்கொண்டே போய், ஆரம்பத்தில் அடைத்தால் தீர்ந்திருக்கும் சொத்தையை வேர் சிகிச்சை வரையிலும், பிறகு பல்லையே எடுக்கும் வரையிலும் கொண்டு போகிறவள் குடும்பத் தலைவிதான். சிக்கனம் என்று நினைத்துச் செய்கிற இந்தத் தாமதத்தைப் போல் வீட்டுக்குச் செலவு வைப்பது வேறொன்றும் இல்லை.

பெரியவர்களுக்கு

படுக்கையில் இருக்கும் மாமனாருக்குச் சோறு ஊட்டுகிறோம். உடம்பு துடைத்து விடுகிறோம். வாயை மறந்து விடுகிறோம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் ஒரு சோதனை நடத்தி, 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டுக்குப் பின் தவறாமல் வாயைச் சுத்தம் செய்து விட்டார்கள். மற்றவர்களை வழக்கம்போல் விட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 100-க்கு 19 பேருக்கு நிமோனியா கண்டது. சுத்தம் செய்யப்பட்டவர்களில் 100-க்கு 11 பேருக்குத்தான். வாயில் உள்ள கிருமி, தூக்கத்தில் எச்சிலோடு நெஞ்சுக்குள் இறங்குவதுதான் காரணம். பல்லே இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். பொய்ப்பல் செட்டை இரவில் கழற்றி, கழுவி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். ஈற்றையும் நாக்கையும் ஈரத் துணியால் துடைத்து விட வேண்டும்.

யாரிடம் போகிறோம்?

1948-ல் பல் வைத்தியர் சட்டம் வந்தது. சென்னையில் மருத்துவக் கல்லூரியின் பிரிவாக 1953-ல் பல் மருத்துவப் படிப்பு தொடங்கிற்று. இன்று படித்துப் பதிவு செய்து கொண்ட டாக்டர்கள் சிறிய ஊர்களிலும் இருக்கிறார்கள். இருந்தும், சந்தை ஓரத்தில் மலிவாகப் பல் கட்டுகிறவரைத் தேடிப் போகிறவர்கள் இல்லாமல் இல்லை.

டாக்டர் படித்தவரா என்று பார்த்தால் மட்டும் போதாது. கருவி சுத்தமா என்றும் பார்க்க வேண்டும். 2023-ல் வாணியம்பாடியில் நடந்ததை எண்ணினால் மனம் பதறுகிறது. அங்கே ஒரு பல் சிகிச்சை நிலையத்துக்குப் போய் வந்தவர்களில் 8 பேர், மூளையைத் தாக்கும் 'மெலியாய்டோசிஸ்' என்ற நோயால் இறந்தார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி அது. பிற்பாடு ஆராய்ந்தபோது, வாய் கழுவ உபயோகித்த உப்புநீர் பாட்டிலைச் சுத்தமில்லாத கருவியால் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, ஒருவர் பின் ஒருவருக்கு உபயோகித்ததாகத் தெரிய வந்தது. அந்த நீரில் கிருமியும் இருந்தது. 2025-ல் இந்த ஆராய்ச்சி வெளியானபோது தமிழ்நாடே திடுக்கிட்டது. வாய்க்கும் உடம்புக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு இதைவிடக் கொடிய பதில் வேண்டியதில்லை.

இதைக் கேட்டுப் பல் வைத்தியரிடமே போகாமல் இருந்துவிடக் கூடாது. அது இன்னும் பெரிய ஆபத்து. "கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்கிறீர்களா? புதுக் கையுறை போடுவீர்களா? பாட்டில் இப்போது திறந்ததா?" என்று கேளுங்கள். கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நமக்கு, இதைக் கேட்க மட்டும் என்ன கூச்சம்? நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார்.

வடுகபட்டிக்காரர்களுக்குப் பெரியகுளத்தில் அரசு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் அரசு ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம்.

செய்ய வேண்டியவை

காலையில் ஒரு தடவை, இரவு படுக்குமுன் ஒரு தடவை, மெல்லிய பிரஷ்ஷும் 'புளோரைடு' கலந்த பற்பசையும் கொண்டு இரண்டு நிமிஷம் விளக்க வேண்டும். இரவு விளக்குவதே முக்கியம். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைவதால் கிருமிகளுக்கு அது ராஜ்யம். விளக்கிய பின் தண்ணீர் தவிர வேறொன்றும் சாப்பிடக் கூடாது.

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் நம் முன்னோர் புகழ்ந்தது வீண் அல்ல. நன்றாக மென்று தூரிகைபோல் ஆக்கி, ஈறு கிழியாமல் தேய்த்தால் அழுக்குப் போகும். ஆனால் கரி, சாம்பல், செங்கல் பொடி இவை பல்லின் ஓட்டையே தேய்த்து விடும்.

புகையிலையும் பொடியும் ஈற்றில் ஒதுக்கும் பழக்கம் நம் பெரிய பெண்மணிகளில் சிலருக்கு உண்டு. பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை கலக்கக் கூடாது என்று 1992-லேயே அரசாங்கம் தடை செய்தது. புகையிலை ஈறு நோயை மறைத்துக்கொண்டே வளர்க்கும். ரத்தம் கசியாததால் நோய் இல்லை என்று எண்ணி ஏமாறுவோம். வாய்ப் புற்றுநோய்க்கும் அதுவே வாசல். பாக்கு மட்டும்தானே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் குழுவினர் 2004-ல் அறிவித்து விட்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப் புண்ணை உடனே காட்ட வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது, சர்க்கரை உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பல்லைக் காட்டிக் காரை எடுத்துக் கொள்வது நல்லது. காரை எடுத்தால் பல் ஆடிவிடும் என்ற பயம் வேண்டாம். ஆடுகிற பல்லைக் காரை பிடித்து நிறுத்தவில்லை. காரைதான் பல்லை ஆட வைத்தது.

இவ்வளவும் ஞாபகம் இராது என்பவர்கள், நாளைக் காலையில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். பல் விளக்கித் துப்பும்போது தொட்டியைக் கவனியுங்கள். அதில் சிவப்பு தெரிகிறதா? தெரிந்தால், அது பிரஷ்ஷின் குற்றம் அல்ல. பிறகு உங்கள் தாயாரிடமும் மாமியாரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். "வயசாச்சு, இதெல்லாம் சகஜம்தானே" என்று பதில் வந்தால், விட்டுவிடாதீர்கள். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள். பூண்டை நசுக்குவதானால் ரசத்துக்கு நசுக்குங்கள். அதுதான் அதற்குரிய இடம்.